கால் சுற்று திரும்பிய தெரு

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பதினோரு வருடம் ஒருநாள்கூட அடுப்பைக் குளிரவிடாமல் பிரியாணி போட்ட இந்திராணி, மகளைப் பார்க்க ஐந்து நாள் லீவில் வலென்சியாவுக்குப் போனவள், போன இடத்தில் சும்மா இருக்காமல் அங்கே ஒரு தெருவைக் கால் சுற்று திருப்பி வைத்துவிட்டு வந்தாள். இதைச் சொன்னால் திண்டுக்கல்லில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை. "இந்திராணியக்கா கரண்டியைப் புடிச்சா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இலை போட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு அது அவ்வளவு லேசான காரியமாக இல்லை, இந்திராணிக்கும் இல்லை, ஏனென்றால் அவளுடைய ஒரே மகள் கயல்விழி அந்தத் தெருவில்தான் குடியிருந்தாள், படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்க வேண்டியவளும்கூட.

ஸ்பெயின் நாட்டில் படிக்க இடம் கிடைப்பது சுலபம், படுக்க இடம் கிடைப்பதுதான் கஷ்டம் என்று கயல் ஆறு மாதத்துக்கு முன்னால் போனிலேயே சொல்லியிருந்தாள். முதல் இரண்டு மாதம் ஊருக்கு வெளியே ஐந்து பேரோடு ஒரே அறையில் சுருண்டு கிடந்து, காலை மாலை வீடு வீடாகக் கதவைத் தட்டி, இந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால் பரவாயில்லை என்று நாற்பது வீட்டில் சொல்லக் கேட்டாள். கடைசியில் கயிற்றுக்காரர் தெருவில் காய்கறிக் கடை வைத்திருந்த அம்பாரோ என்கிற விதவை அம்மாள் தன் மூன்றாம் மாடியில் ஓர் அறை கொடுத்தாள். பதினான்கே வீடு உள்ள தெரு அது, ஸ்கூட்டர் வந்தால் ஆட்கள் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகல், ஆனால் பதினான்கு வீடும் ஒரு வீடு மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் தெரு நடுவே ஆரஞ்சு மர விறகை மூட்டி, வண்டிச் சக்கரத்தைவிட அகலமாகவும் நாலு விரல் ஆழமாகவும் இருக்கிற ஒரு இரும்புத் தட்டில் சோறாக்கி, தட்டைச் சுற்றி நின்று ஆளுக்கொரு முக்கோணமாகப் பங்கு பிரித்து, அதிலேயே கரண்டி போட்டுச் சாப்பிடுவார்கள். தெருச் சங்கத்துச் சுவரில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு மரக்கரண்டி, கரண்டிப் பிடியில் பெயர். விருந்தாளிகளுக்கு என்று ஒரு தகர டப்பாவில் பெயரில்லாத கரண்டிகள் இருந்தன, கயல் நாலு மாதமாக அந்த டப்பாக் கரண்டியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்திராணியும் அவள் கணவர் பழனிவேலும் மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார்கள். ஊரே பண்டிகைக் கோலத்தில் இருந்தது. மறுநாள் கயல் அவர்களைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். இந்திராணி ஒரு கடை விடாமல் நின்று கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து, பூண்டை முகர்ந்து பார்த்து, கொக்கியில் வரிசையாகத் தொங்கிய பன்றித்தொடைகளின் கீழே நின்று "இத்தனை காலு தொங்குது, ஒரு ஈயைக் காணோமே" என்று அந்த ஊருக்கு ஒரு நற்சான்றிதழ் கொடுத்தாள். கடையில் பார்சல் கட்டுகிற பழனிவேல் வாய்க்கு ஆசைப்பட்டவர். ஒரு கடையில் குளிரக் குளிரக் கொடுத்த வெள்ளைப் பாலை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, அது எதில் செய்தது என்று கயல் கிழங்கை எடுத்துக் காட்டியதும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, இது கோரைக்கிழங்கு. இதைப் புடுங்கிப் புடுங்கி வரப்புல எறிஞ்சே எங்கப்பாவுக்கு முதுகு வளைஞ்சு போச்சு. இங்க என்னடான்னா பால் கறக்குறாய்ங்க" என்று சொல்லிவிட்டு, இறந்துபோன தகப்பனாரின் பேரால் மூன்றாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார். மதியம் இரண்டு மணிக்குப் பெரிய சதுக்கத்தில் பட்டப்பகல் வெயிலில் வெடி வெடித்தார்கள், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, கேட்பதற்கு மட்டும்தான். ஆயிரக்கணக்கான பேர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கச்சேரி கேட்பது போலக் கேட்டார்கள். இந்த ஊரில் மகள் இருந்துகொள்வாள் என்று பழனிவேல் அப்போதே முடிவு செய்துவிட்டார். இந்திராணி எதையும் சாப்பிட்டுப் பார்க்காமல் முடிவு செய்கிறவள் இல்லை.

வியாழக்கிழமை மதியம் தெருவில் சோறு. சமைக்கிறவர் விசென்த் என்ற பெயருள்ள எழுபது வயது நெட்டை மனிதர், தளக்கல் பதிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருடமாக அந்தத் தெருவுக்குச் சோறாக்குகிறவர். அவர் வீட்டு வாசலில்தான் அடுப்பு. அங்கே நின்று தலையைத் தூக்கினால் தேவாலயத்து மணிக்கூண்டுக் கடிகாரம் தெரியும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் நெருப்பைக் கூட்டுவார், குறைப்பார். கோழியையும் முயலையும் எண்ணெயில் சிவக்க வறுத்து, பட்டையான பச்சை அவரையையும் மொச்சை போலப் பெரிதாக இருந்த வெள்ளைப் பயற்றையும் போட்டு, தக்காளி, மிளகாய்த்தூள், குங்குமப்பூ என்று அவர் ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க இந்திராணி கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள். நெய் இல்லை, பட்டை கிராம்பு இல்லை, புதினா இல்லை. ஆனால் உப்பை அவர் உள்ளங்கையில் கொட்டி எடை பார்த்துப் போட்ட விதத்தில் இவனும் நம்ம ஜாதிதான், அடுப்பு ஜாதி, என்று அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. தண்ணீர் கொதித்ததும் விசென்த் அரிசியைக் குறுக்கே ஒரு கோடாகக் கொட்டிப் பரத்திவிட்டு, ஒரு விரலைத் தூக்கி எல்லோரையும் பார்த்து ஏதோ சொன்னார்.

"இனிமே யாரும் கரண்டி போடக் கூடாதாம்மா. அரிசி விழுந்தா விழுந்ததுதானாம், கிளறவே மாட்டாங்களாம்" என்று கயல் சொன்னாள்.

இந்திராணி தலையாட்டினாள். அவள் ஒப்புக்காகத் தலையாட்டவில்லை, கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் விசென்த் ரோஸ்மேரி தழை எடுக்க வீட்டுக்குள் போன நேரம் பார்த்துக் காற்று மாறி, நெருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது பக்கச் சோறு தளதளவென்று கொதிக்க, வலது பக்கச் சோறு சும்மா கிடந்தது. ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் வேகாத சோற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது, பதினோரு வருடத்தில் அவள் கற்றுக்கொள்ளாத ஒரே வேலை. சீரகச் சம்பாவை உடையாமல் ஓரத்திலிருந்து அடி வரை கரண்டியை விட்டு ஏந்தித் திருப்பிப் பழகிய கை, கேட்காமல் கொள்ளாமல் அந்த நீளக் கரண்டியை எடுத்து, இடமிருந்து வலமாக, ஒரே ஒரு கால் சுற்று திருப்பியது.

சோறு திரும்பியது, சோற்றோடு தெருவும் திரும்பியது. பதினான்கு வீடும், வீட்டுக்குள்ளிருந்த கட்டில்களும், பால்கனிப் பூந்தொட்டிகளும், கொடியில் காய்ந்த போர்வைகளுமாக, கிழக்கு மேற்காக இருந்த தெரு வடக்குத் தெற்காக, யாரும் தள்ளாமல், எதுவும் உடையாமல், கரண்டி போன வேகத்திலேயே போய் நின்றது. நாற்காலியில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்த பழனிவேல், பஸ் வளைவில் திரும்பும்போது சாய்வது போலக் கொஞ்சம் சாய்ந்து, கையிலிருந்த டம்ளரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருக்கள், பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடம் விடுகிற மாதிரி, ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தன.

தழையோடு வெளியே வந்த விசென்த் வழக்கம்போலத் தலையைத் தூக்கி மணி பார்த்தார். மணிக்கூண்டு இருந்த இடத்தில் அடுத்த தெருக்காரி யாரோ காயப்போட்ட நாலு உள்பாவாடைகள் தெரிந்தன. அவர் குனிந்து தட்டைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.

"கெளறாதேன்னு எங்கப்பா சொன்னாரு. அது சோத்துக்காகன்னு நெனைச்சுட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். கயல் அதைத் தமிழில் சொன்னாள்.

அன்று சோறு குழைந்துவிட்டது. ஒரு வாய் சாப்பிட்டதும் விசென்த் தன் கரண்டியைக் கீழே வைத்தார், நாற்பது வருடத்தில் அவர் அப்படி வைத்ததில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். இந்திராணி எச்சில் பார்க்கிறவள், பலபேர் கரண்டி படுகிற தட்டில் சாப்பிட மாட்டேன் என்று முன்னாலேயே தனித்தட்டு கேட்டு வாங்கியிருந்தாள், அந்தத் தனித்தட்டில் குழைந்த சோற்றைப் போட்டுக்கொண்டு கடைசிப் பருக்கை வரை தானே தின்று தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தெரு தன் புதிய திசையில் கண் விழித்தது. தபால்காரப் பெண் பழைய முனையில் வந்து நின்று, ஒரு நிமிடம் யோசித்து, புதிய முனைக்கு நடந்து போய்க் கடிதங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். நகராட்சியிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்து, நீளம் அதேதான், அகலம் அதேதான், ஆகையால் புகார் எடுக்க இடமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். செய்தித்தாளில் பண்டிகைச் செய்திகளுக்கு நடுவே நாலு வரி வந்தது. முதல் வீட்டு நாய் மட்டும் தான் வழக்கமாகக் காலைத் தூக்குகிற கம்பத்தைத் தேடி இரண்டு மணி நேரம் அலைந்து, கடைசியில் வேறு ஒன்றுக்கு மனதைத் தேற்றிக்கொண்டது. இதெல்லாம் பழகிவிடுகிற சங்கதிகள். பழகாத சங்கதிகளும் இருந்தன, கதவுகள் நிலையில் உட்காராமல் இழுத்துக்கொண்டன, ரொட்டிக்காரரின் மாவு ஒரு பக்கமாகவே உப்பியது, பக்கத்து வீட்டுப் பேச்சு சுவரில் ஊறி இந்தப் பக்கம் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே விசென்த் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உள்பாவாடைகளைப் பார்த்தபடி யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அம்பாரோ மத்தியானம் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கயலுடைய கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "நீ நல்ல பொண்ணு. ஆனா தெரு வேணாம்னு சொன்னா நான் ஒருத்தி என்ன செய்வேன்? நாளைக்கு விசென்த் மறுபடி சோறாக்குவாரு, உங்கம்மா திருப்பிக் கெளறி, தெருவை இருந்த மாதிரி வைக்கட்டும். வெச்சிட்டா நீ எத்தனை வருஷம் வேணா இரு. இல்லேன்னா வேற இடம் பாத்துக்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள், அழுதாலும் சொன்னதை மாற்றவில்லை.

அதைக் கேட்டதும் இந்திராணிக்கு உடனே கீழே போய் நாலு சுற்றுகூடச் சுற்றிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இறங்கிப் போன இடத்தில், தெருக்கோடித் தையற்கடையில், வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அது பிலார் என்கிற பெண்ணின் கடை. ஐம்பது வயதுக்காரி, பண்டிகைக்குப் பெண்கள் உடுத்துகிற பட்டுப் பாவாடை சட்டை தைக்கிறவள். அவள் ஜன்னல் நேற்று வரை இரண்டு கை தூரத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கிச் சுவரைப் பார்த்திருந்தது, இன்று ஆரஞ்சு மரங்கள் நிற்கிற சதுக்கத்தைப் பார்த்தது. இருபத்திரண்டு வருடமாக டியூப்லைட்டில் தைத்தவள், நீலத்துக்கும் பச்சைக்கும் சந்தேகம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வருகிறவள், இப்போது மேசை முழுக்கப் பட்டுகளை விரித்துப்போட்டு அவற்றின் நிறத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். இந்திராணி உடுத்தியிருந்த சின்னாளப்பட்டிச் சேலையின் முந்தானையைப் பிடித்து வெயிலில் காட்டி, "அரக்கு" என்று அர்த்தம் வருகிற ஏதோ ஒரு சொல்லைச் சொன்னாள். நாளைக்குத் தெரு திரும்பிவிடும் என்று அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இந்திராணிக்கு மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கடையிலிருந்து கிளம்பும்போது இந்திராணி சுவரில் கை ஊன்றினாள், விரல் பதிந்தது. எடுத்துப் பார்த்தாள். சுவரில் அவள் கட்டை விரல் தடம் அப்படியே இருந்தது. சோற்றைப் பதம் பார்க்கிற மாதிரி இன்னும் ரெண்டு இடத்தில் அமுக்கிப் பார்த்தாள், மூலையில் இன்னும் இளக்கமாக இருந்தது. பதினோரு வருடத்தில் எத்தனையோ அண்டா பார்த்தவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு முறை கரண்டி பட்டுத் தாங்கிக்கொண்ட சோறு இது, இரண்டாம் முறை பட்டால் குழைந்துவிடும், எது யார் வீடு, எது யார் சுவர் என்று தெரியாமல் பதினான்கும் ஒரே கட்டியாகிவிடும்.

சாயங்காலம் அதைச் சொன்னபோது பழனிவேல் தலையாட்டினார், கயல் தலையாட்டவில்லை.

"அம்மா, அவங்க கேக்குறதைச் செஞ்சிடும்மா. கால் சுத்துதானே."

"கெளறுனா கொழைஞ்சிரும்டி."

"கொழையாம இருந்தா?"

"கொழையும். எனக்குத் தெரியும்."

"உனக்கு எல்லாம் தெரியும். நேத்தும் தெரியும்னுதானே கரண்டியை எடுத்த? நீ ஞாயித்துக்கெழமை பிளேன் ஏறிடுவ. நான் எங்கம்மா போவேன்? மறுபடி அந்த அஞ்சு பேர் ரூமுக்கா?"

இந்திராணி மடித்த சேலையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தெருவில் கூட்டம் போட்டுக் கை தூக்கினார்கள். திருப்பி வைக்கலாம் என்று பதின்மூன்று வீடு கை தூக்கியது, அம்பாரோ தரையைப் பார்த்தபடி தூக்கினாள். பிலார் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தூக்காமல், எழுந்து போய்த் தன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மிச்சமிருக்கிற வெயிலில் தைக்கத் தொடங்கினாள். விசென்த் விறகை மூட்டினார், கறியை வறுத்தார், தண்ணீர் ஊற்றினார், அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அரிசியைக் கொட்டினார். பிறகு நீளக் கரண்டியை இரண்டு கையாலும் இந்திராணியிடம் நீட்டி, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காற்றில் வரைந்து காட்டினார். முப்பது பேர் தட்டைச் சுற்றி நின்றார்கள். குழந்தைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள், நாயை முதல் வீட்டுக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இந்திராணி கரண்டியை வாங்கினாள். அவளுக்குப் பயமாக இருந்தது, அடுப்பின் முன்னால் நின்று அவள் பயந்தது அதுதான் முதல் தடவை. பெற்ற மகளுக்கு ஓர் அறை, தலைக்கு மேல் ஒரு கூரை, ஒரு கால் சுற்றில் கிடைத்துவிடும். சோற்றைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கரண்டியைத் தட்டில் விடாமலே தரையில் படுக்க வைத்தாள்.

"கயலு, நான் சொல்றதை அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத. நான் கெளற மாட்டேன். தப்பு என் மேல, என் மகள் மேல இல்ல. ஒருதடவை கெளறுன சோத்தை மறுபடி கெளறுனா அது சோறு இல்ல, கூழு. நம்பலேன்னா ஆளுக்கொருத்தர் அவங்கவங்க வீட்டுச் சுவத்தை அமுக்கிப் பாருங்க. இதுக்கு ஒரே வழிதான் இருக்கு, தம் போடணும். மூடி வைக்கணும். கதவு, சன்னல் எல்லாத்தையும் மூடிட்டு எல்லாரும் உள்ள போங்க. எட்டிப் பாக்கக் கூடாது, திறக்கக் கூடாது, அதைத் தொடக் கூடாது. தானா உக்காரும்."

தன் அறை தன் வாயாலேயே போகிறது என்று கயலுக்குத் தெரியும். இரண்டு வார்த்தையை மாற்றிப் போட்டால் போதும், அம்மாவுக்கும் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது. கிழவரைப் பார்த்தாள், ஜன்னலோரம் பட்டின் மேல் குனிந்திருந்த பிலாரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், கூட்டாமல், குறைக்காமல்.

தெரு முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. விசென்த் தன் வீட்டுச் சுவருக்குப் போய்க் கட்டை விரலால் அமுக்கினார். எடுத்துப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அமுக்கினார். நாற்பது வருடம் தளக்கல் பதித்த விரல் அது, நாற்பது வருடம் சோறு பார்த்த விரலும் அதுவே, அதை ஏமாற்ற முடியாது. திரும்பி வந்தார்.

"நாங்களும் விடுவோம். அடுப்பை அணைச்சுட்டு, ஈரத் துணியைப் போட்டு, அஞ்சு நிமிஷம் ஓய்வு" என்றார்.

"சோத்துக்கு அஞ்சு நிமிஷம் சரி. தெருவுக்குப் பத்தாது."

"அப்ப எவ்வளவு நேரம்?"

"அதை நீங்கதான் சொல்லணும். இது உங்க தெரு, உங்க சோறு. நீங்க திறந்ததுக்கு அப்புறம்தான் மத்தவங்க திறக்கணும்."

விசென்த் உள்பாவாடைகளைக் காட்டினார். "என் கடிகாரந்தான் போயிருச்சே."

"நாப்பது வருஷமா கடிகாரமா சமைச்சுச்சு?" என்று கேட்டு இந்திராணி தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். விசென்த் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அதற்குக் கயல் தேவைப்படவில்லை.

இந்திராணி தணலைத் தட்டின் அடியில் சமமாகப் பரப்பினாள். அகலமான தகரப் பலகைகளைச் சேர்த்து மூடி, மேலேயும் தணலை வாரிப் போட்டாள். எல்லோரும் உள்ளே போனார்கள். பதினான்கு வீட்டுக் கதவும் மூடியது, ஜன்னல் பலகைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன, போன்களை அணைத்தார்கள், பட்டப்பகல் ஒரு மணிக்கு அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாமல் அடுப்பு மட்டும் தனியாக இருந்தது.

அம்பாரோவின் மாடிப்படி இருட்டில் அவளும் இந்திராணி குடும்பமுமாக நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "எவ்வளவு நேரமாச்சு?" என்று பழனிவேல் கேட்டார், மூன்று பேரும் அவரை அடக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து ஒரு அசைவு வந்தது, நடுங்கவில்லை, ஆடவில்லை, கல் மேல் கல்லும் கல்லுக்கு அடியில் மண்ணும் தத்தம் இடத்தைப் பார்த்து அமர்வது போல ஓர் அமைதியான அசைவு. இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்த வாசற்கதவு யாரும் தொடாமல் நிலையில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. சுவரில் ஊறிக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இருமல் நின்று, அவரவர் சத்தம் அவரவர் வீட்டுக்குள் அடங்கியது. கயல் அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிப் பிடித்திருந்தாள், மூன்று வயதில் பிடித்த மாதிரி. இந்திராணி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். வாசனை வந்துவிட்டது. இப்போது திறக்க வேண்டும் என்று தோன்றியது, இல்லை, இன்னும் கொஞ்சம் என்று தோன்றியது, திறக்க வேண்டியவர் தான் இல்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

சரியாக அவள் எழுந்து நிற்கப் போன நொடியில் வெளியே விசென்த் வீட்டு ஜன்னல் பலகை படாரென்று திறந்தது. "வாங்க!" என்று அவர் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது.

தெரு ஒரு அங்குலம்கூடத் திரும்பிப் போயிருக்கவில்லை. வடக்குத் தெற்காகவே இருந்தது, ஆனால் இப்போது பிறந்ததிலிருந்தே அப்படி இருந்தது போல இருந்தது. ஆட்கள் சுவரை அமுக்கிப் பார்த்தார்கள், சுவர் கல்லாக இருந்தது. பிலாரின் மேசை மேல் பட்டு அப்படியே, வெயில் அப்படியே. மூடியிருந்த தகரங்களை எடுத்ததும் தட்டில் சோறு உதிரி உதிரியாக நின்றது, அடியில் பிடித்த பொன்னிறக் காந்தல் சடசடவென்று பேசிக்கொண்டிருந்தது. விசென்த் குனிந்து அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார், பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். உள்பாவாடைக்காரி எட்டிப் பார்த்து, வாசனை நல்லா இருக்கிறதே என்றாள். அவர் தொப்பியைத் தூக்கி அவளுக்கு வணக்கம் வைத்தார்.

முக்கோணம் முக்கோணமாகப் பங்கு பிரித்து, ஆளாளுக்கு ஆணியிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கயல் தகர டப்பாப் பக்கம் போனாள். விசென்த் அவளைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு புது மரக்கரண்டியை எடுத்துக் கொடுத்தார். இருட்டில், காதைச் சோற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கை சும்மா இருக்க முடியாமல், கத்தியால் தடவித் தடவிச் செதுக்கியிருந்தார். எழுத்துகள் ஒன்று மேலே ஒன்று கீழே கோணிக்கொண்டு போயிருந்தன, இருந்தாலும் கயல் என்று தெளிவாகவே படிக்க முடிந்தது. அம்பாரோ ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சங்கத்துச் சுவரைப் பார்த்துப் போனாள்.

தட்டில் தனக்கும் பிலாருக்கும் நடுவே விசென்த் கரண்டி முனையால் இரண்டு கோடு கிழித்தார். அது கயலுடைய பங்கு.

யாரோ இந்திராணிக்கு ஞாபகமாகத் தனித்தட்டு கொண்டு வந்தார்கள், அவள் வேண்டாம் என்றாள். பழனிவேல் ஏற்கெனவே டப்பாக் கரண்டியோடு அம்பாரோ பங்கில் இறங்கிவிட்டிருந்தார். பத்தொன்பது வயது வரை தன் தட்டிலிருந்தே ஊட்டிச் சோறு போட்டு வளர்த்த மகளின் பக்கத்தில் போய் இந்திராணி நின்றாள், டப்பாவிலிருந்து ஒரு பெயரில்லாத கரண்டியை எடுத்து, "உன் பங்குல ஒரு வாய் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்கும்போது சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம் மட்டும் இல்லை. கயல் கொஞ்சம் தள்ளி நின்று இடம் கொடுத்து, காந்தல் உள்ள பக்கத்தை அம்மா பக்கம் ஒதுக்கி வைத்தாள்.

முப்பது பேரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். இந்திராணி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள்.

கயல் அதை மொழிபெயர்க்கவில்லை. விசென்த் இந்திராணியின் முகத்தைப் பார்த்தார், எட்டி உப்புக் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.